கிருபால் சிங் செகாவத்

கிருபால் சிங் செகாவத் (1922 - 2008) ராஜஸ்தானைச் சேர்ந்த ஓவியரும் மட்பாண்டக் கலைஞரும் ஆவார். ஓவியராகத் தேர்ச்சி பெற்ற பின்னரே மட்பாண்டத் துறைக்கு வந்த இவர், ஏறத்தாழ மறைந்துவிட்ட ஜெய்ப்பூர் நீல மட்பாண்டக் கலைக்கு மீண்டும் உயிரூட்டியவராக அறியப்படுகிறார்.

இளமையும் ஓவியப் பணியும்

சீகர் மாவட்டத்திலுள்ள மவூ என்னும் சிற்றூரில் பிறந்தார். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் ஓவியம் பயின்றார். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியை நந்தலால் போசின் தலைமையில் ஓவியங்களால் அணிசெய்த மாணவர்களுள் இவரும் ஒருவர். பின்னர் ஜப்பான் சென்று கீழைத்தேயக் கலையில் பட்டயம் பெற்றார்.

மட்பாண்டத் துறையில்

ஜெய்ப்பூரில் நீல மட்பாண்டக் கலை 19ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங்கின் ஆதரவால் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது அழிவின் விளிம்பை எட்டியிருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய், ராஜமாதா காயத்ரி தேவி ஆகியோரின் ஊக்கத்தால், குயவர் மரபில் பிறவாத செகாவத் அதனை மீட்கும் பணியில் இறங்கினார்.

பெயரில் மண் இருப்பினும் இப்பாண்டங்களில் களிமண் சேர்வதில்லை. விழுப்புரம் மாவட்டத்து ஐயனார் கோயில்களின் சுடுமண் குதிரைகள் களிமண்ணால் ஆனவை. ஜெய்ப்பூர்ப் பாண்டங்களோ குவார்ட்ஸ் கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மிட்டி, வெண்காரம், பிசின் ஆகியவற்றை நீர்விட்டுப் பிசைந்த மாவினால் ஆனவை. இம்மாவுக்குக் களிமண்ணின் இழுபடும் தன்மை இல்லாமையால், பெரும்பாலும் அச்சில் இட்டே உருவாக்குவர். கோபால்ட் ஆக்சைடு அடர்நீலத்தையும் தாமிர ஆக்சைடு நீலப்பச்சையையும் தரும். ஓவியம் தீட்டி, மெருகுப் பூச்சு இட்டபின் சுமார் 800 பாகை செல்சியசில் ஒரே முறை சுடுவர். சூளையில் விரிசல் கண்டால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

பாண்டத்தின் மேற்பரப்பைச் செகாவத் ஓவியத்துக்குரிய தளமாகக் கருதினார். சிற்றோவியம், சுவரோவியம் ஆகியவற்றின் உருவங்களை அதில் தீட்டினார். நீலத்துடன் வேறு வண்ணங்களையும் சேர்த்தார். ஜெய்ப்பூரின் சவாய் ராம் சிங் சில்பகலா மந்திரில் பலருக்கு இக்கலையைக் கற்பித்தார். கிருபால் கும்ப் என்னும் தம் கலைக்கூடத்தையும் அந்நகரில் நடத்தினார்.

விருதுகளும் தாக்கமும்

1974இல் பத்மசிறீ விருதும், 2002இல் சில்ப குரு விருதும் பெற்றார். ஜெய்ப்பூர் நீல மட்பாண்டம் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாகும். ஒரு காலத்தில் செய்வோர் அருகிப்போயிருந்த இத்தொழில், இன்று ஜெய்ப்பூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கிறது.