களம் நீங்காப் பயிற்றுநர்

எழுபது வயதை எட்டியவர்கள் பணி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளோடு அமைதியாகப் பொழுதைக் கழிப்பது உலக வழக்கம். ஆனால், அந்த வயதில் புதிய வேலையை ஏற்று, நாட்டின் மேற்குக் கரைக்குப் புறப்பட்டார் ஒருவர். அவர்தாம் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் முன்னோடிப் பயிற்றுநர்களுள் ஒருவரான இவர், சிக்காகோ பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இயக்குநராகவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர்.

அமெரிக்கக் காற்பந்து, நாம் நன்கு அறிந்த காற்பந்திலிருந்து மாறுபட்டது. இரு முனைகளும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், உதைத்தும் விளையாடுவர். பந்தை வைத்திருப்பவரை எதிரணியினர் மடக்கிப் பிடித்துக் கீழே வீழ்த்துவர். அதனால், இவ்விளையாட்டுக்கு உடல் வலிமை மட்டும் போதாது. முன்கூட்டியே வகுத்த வியூகமும் வேண்டும். அத்தகைய வியூகங்களை வகுப்பதில் வல்லவராக விளங்கினார் ஸ்டாக்.

இவர் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாமவர். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. வறுமை சூழ்ந்த குடும்பம் என்றாலும், படித்து முன்னேற வேண்டும் என்ற வேட்கை ஸ்டாக்கின் உள்ளத்தில் கனன்றுகொண்டே இருந்தது. படிக்கும் காலத்தில் குளிர் வாட்டும் அறையில் தங்கினார். செலவைக் குறைப்பதற்காக வயிற்றைக் கட்டி வாழ்ந்தார். சரியான உணவின்றி ஒருமுறை நோய்வாய்ப்பட்டும் போனார்.

யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, சமய போதகராக வேண்டும் என்பதே இவருடைய குறிக்கோளாக இருந்தது. அங்கே இவர் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவராகப் புகழ்பெற்றார். பல தொழில்முறை அணிகள் இவரைத் தேடி வந்தன. பெருந்தொகை தருவதாகவும் கூறின. அக்காலத்தில் தொழில்முறை ஆட்டக்களங்களில் மது விற்பனை தாராளமாக நடந்தது. அந்தச் சூழல் இவருக்கு ஒவ்வவில்லை. ஏழைக் குடும்பத்தில் பிறந்த இளைஞர், கைக்கு எட்டிய பணத்தை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

காற்பந்திலும் இவருடைய திறன் வெளிப்பட்டது. 1889ஆம் ஆண்டில், நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பதினொருவரைக் கொண்ட முதல் பட்டியல் வெளியானது. அதில் ஸ்டாக்கின் பெயரும் இடம்பெற்றது. எனினும், சமயப் பணியில் இவருக்கு ஒரு தடை இருந்தது. மேடையேறிப் பேசுவது இவருக்குக் கைவரவில்லை. நெடுநாள் சிந்தித்த பின், சொற்பொழிவு ஆற்றாமலும் இளைஞர்களை நல்வழிப்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார். விளையாட்டுத் திடலையே தம் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த பயிற்சிக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அங்கே இவருடன் பணியாற்றியவர்தாம் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1892ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், பொதுமக்கள் முன்னிலையில் முதல் கூடைப்பந்தாட்டம் அங்கு நடைபெற்றது. ஆசிரியர்களும் மாணவர்களும் மோதிய அந்த ஆட்டத்தில் மாணவர்கள் 5-1 என வென்றனர். ஆசிரியர் அணி பெற்ற ஒரே புள்ளியைப் போட்டவர் ஸ்டாக்.

அதே ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகம் தன் கதவுகளைத் திறந்தது. அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்கிற்குப் பாடம் கற்பித்தவர். அவர் தம் முன்னாள் மாணவரை அழைத்து, உடற்கல்வித் துறையின் பொறுப்பை ஒப்படைத்தார். பேராசிரியர்களுக்கு உரிய நிலையான பதவியையும் அளித்தார். பயிற்றுநர்களை ஒரு பருவத்திற்கு மட்டும் அமர்த்துவது வழக்கமாக இருந்த காலம் அது. விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதியே என்பதற்கு அந்த நியமனம் சான்றாக அமைந்தது.

தொடக்கத்தில் அணிக்குப் போதிய ஆட்டக்காரர்கள் இல்லை. ஆகவே, பயிற்றுநரே சீருடை அணிந்து மாணவர்களோடு களமிறங்கினார். நாளடைவில் அணி வலுப்பெற்றது. 1905ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், சிக்காகோ அணி மிச்சிகன் அணியை எதிர்கொண்டது. மிச்சிகன் அணியோ அதுவரை தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வியையே காணாத அணி. கடுமையான அந்தப் போட்டியில் சிக்காகோ 2-0 என வென்று, மிச்சிகனின் நீண்ட வெற்றிப் பயணத்தை முடித்து வைத்தது. ஸ்டாக்கின் பயிற்சியில் சிக்காகோ அணி ஏழு முறை தன் வட்டாரக் கூட்டமைப்பின் வெற்றியாளராக வாகை சூடியது.

ஆயினும், அதே 1905ஆம் ஆண்டில் காற்பந்தின் எதிர்காலமே கேள்விக்குறியானது. முரட்டுத்தனமான ஆட்டத்தால் நாடெங்கும் இளைஞர்கள் பலர் படுகாயமடைந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் இதில் தலையிட்டார். அதன் விளைவாக, 1906ஆம் ஆண்டில் விதிகள் மாற்றி அமைக்கப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியும் முறை அனுமதிக்கப்பட்டது. விதிமுறைக் குழுவில் இடம்பெற்றிருந்த ஸ்டாக், அந்தப் புதிய முறைக்கு ஏற்ற வியூகங்களை விரைந்து வகுத்தார்.

இவர் புகுத்தியவையாகக் கூறப்படும் புதுமைகள் பல. ஒருவரை மடக்கிப் பிடிக்கும் பயிற்சிக்காகப் பொம்மையைத் தொங்கவிட்டது அவற்றுள் ஒன்று. ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடி நின்று இரகசியமாகத் திட்டமிடும் முறையை வளர்த்தவர்களுள்ளும் இவர் ஒருவர். விளையாட்டுத் துறை இயக்குநர் என்ற முறையில் ஓட்டப்பந்தயம், பேஸ்பால் ஆகியவற்றையும் கவனித்துக்கொண்டார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக 1917 முதல் 1930 வரை தேசிய அளவிலான கூடைப்பந்துப் போட்டிகளையும் சிக்காகோவில் நடத்தினார்.

ஒழுக்கத்தை இவர் உயிரினும் மேலாகப் போற்றினார். புகைபிடிக்கமாட்டார், மது அருந்தமாட்டார். களத்தில் எவ்வளவு சினம் வந்தாலும் தகாத சொற்களைப் பயன்படுத்தமாட்டார். தவறு செய்யும் ஆட்டக்காரரைக் கழுதை என்பார். மீண்டும் தவறு செய்தால், இரட்டைக் கழுதை என்பார். இவர் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான வசை அதுவே என்பர்.

இவருடைய பணிக்கு மனைவி ஸ்டெல்லா பெருந்துணையாக விளங்கினார். 1894ஆம் ஆண்டில் இவரை மணந்த ஸ்டெல்லா, எதிரணிகளின் ஆட்டத்தை நேரில் பார்த்து, அவர்களின் நகர்வுகளைத் தாளில் வரைந்து கொண்டுவந்து கொடுப்பார்.

ஆண்டுகள் உருண்டோடின. 1924ஆம் ஆண்டுக்குப் பின் சிக்காகோ அணியின் வெற்றிகள் குறைந்தன. பல்கலைக்கழகத்தின் புதிய தலைவரான ராபர்ட் மேனார்ட் ஹச்சின்ஸ், கல்லூரிக் காற்பந்தில் நாட்டமில்லாதவர். 1932ஆம் ஆண்டில் ஸ்டாக்கிற்கு எழுபது வயது நிறைந்தது. விதிப்படி அவர் பயிற்றுநர் பொறுப்பை விட்டு விலக வேண்டியதாயிற்று. மாற்றாக, மேசையில் அமர்ந்து செய்யும் கௌரவமான பதவி ஒன்றைப் பல்கலைக்கழகம் தர முன்வந்தது. அதை ஏற்றிருந்தால், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊரிலேயே கவலையின்றிக் காலம் கழித்திருக்கலாம். ஆனால், இளைஞர்களோடு களத்தில் நிற்காத வாழ்க்கையை அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. பதவியை மறுத்துவிட்டு, 1933ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலுள்ள பசிபிக் கல்லூரி என்னும் சிறிய கல்லூரிக்குப் பயிற்றுநராகச் சென்றார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், பசிபிக் அணியுடன் அவர் சிக்காகோவிற்குத் திரும்பி வந்தார். ஆட்டம் நடந்த அரங்கிற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருந்தது. தம்மால் உருவாக்கப்பட்ட சிக்காகோ அணியையே எதிர்த்து அன்று அவர் போட்டியிட்டார். பசிபிக் அணி 32-0 என வென்றது. அதற்கு அடுத்த ஆண்டே சிக்காகோ பல்கலைக்கழகம் பெரும் போட்டிகளிலிருந்து தன் காற்பந்து அணியைக் கலைத்தது. ஆரவாரம் அடங்கிய அந்த அரங்கின் இருக்கைகளுக்கு அடியில்தான், 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்திக் காட்டினர்.

முதுமை ஸ்டாக்கைத் தடுக்கவில்லை. 1943ஆம் ஆண்டில், 81 வயதான இவரை அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநராகச் சக பயிற்றுநர்கள் தேர்ந்தெடுத்தனர். 1946ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் பசிபிக் கல்லூரியை விட்டு விலகிய அவர், பென்சில்வேனியா மாநிலத்தில் பயிற்றுநராக இருந்த தம் மகனுக்குத் துணையாகச் சென்றார். தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த தந்தை, மகனோடு பணியைப் பகிர்ந்துகொள்வதைத் தாழ்வாகக் கருதவில்லை. பின்னர் ஸ்டாக்டனுக்குத் திரும்பி, அங்குள்ள கல்லூரி ஒன்றில் பந்தை உதைக்கும் கலையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். களத்திலிருந்து அவர் முழுமையாக விலகியபோது அவருக்கு வயது 98.

1951ஆம் ஆண்டில் கல்லூரிக் காற்பந்துப் புகழரங்கு தொடங்கப்பட்டபோது, ஆட்டக்காரர், பயிற்றுநர் என இரு நிலைகளிலும் அவர் சிறப்பிக்கப்பட்டார். 1959ஆம் ஆண்டில் கூடைப்பந்துப் புகழரங்கிலும் இடம்பெற்றார். அவர் ஈட்டிய 314 வெற்றிகள் பல ஆண்டுகள் முறியடிக்கப்படாத சாதனையாக இருந்தன. 1965ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், தமது 102ஆம் வயதில் ஸ்டாக் இயற்கை எய்தினார். சிறிய கல்லூரிகளுக்கான தேசிய இறுதி ஆட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

இளமையில் பணம் அழைத்தது. முதுமையில் வசதியான நாற்காலி அழைத்தது. இரண்டையும் மறுத்த ஸ்டாக், தாம் விரும்பி ஏற்ற கடமையை மட்டும் கைவிடவில்லை. பெரிய பல்கலைக்கழகமாயினும் சிறிய கல்லூரியாயினும், கற்றுக்கொள்ள ஒரு மாணவர் காத்திருந்தால் அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.