மலையையே பாடப்புத்தகம் ஆக்கிய வாத்தியார்



என் சித்தப்பா ராணுவத்தில் இருக்கிறார். அக்கா மாசமாக இருந்தபோது காஷ்மீரிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூ கொண்டு வந்தார். இது ஒரு காலத்துல ஏரியா இருந்த மண்ணுல விளையுறதுன்னு அவர் சொன்னதை நான் நம்பவே இல்லை. அவ்வளவு பெரிய ஏரி எங்கே போச்சு? மறுநாள் சமூக அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பெயர்தான் டி.என்.வாடியா. நூலகத்தில் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தாராஷா நோஷெர்வான் வாடியா 1883-ல் சூரத்தில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். படிப்பு பரோடா கல்லூரியில். 1907-ல் ஜம்மு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

லீவு விட்டா நாம கிரிக்கெட் மட்டையைத் தூக்குவோம். அவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஜம்முவைச் சுற்றி சிவாலிக் குன்றுகள். அங்கே ஒரு தடவை பழங்கால யானை இனத்தின் மண்டை ஓட்டைக் கண்டுபிடித்தார். அதன் தந்தம் மட்டும் சுமார் 3 மீட்டர் நீளம்! அந்த யானைக்கு அறிவியல் பெயர் ஸ்டெகோடான் கணேசா. ஆமாம், நம்ம பிள்ளையார் பெயரேதான்.

நம் நாட்டுப் பாறைகளைப் பற்றி மாணவர்கள் படிக்க நல்ல பாடநூல் இல்லையே என்று அவரே எழுத உட்கார்ந்தார். இந்தியாவின் நிலவியல் பற்றிய அந்தப் புத்தகம் 1919-ல் வெளிவந்தது. பல பதிப்புகள் கண்டது. 1921-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 38 வயது நெருங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே.

இமயமலை வடமேற்கே போய்க்கொண்டே இருக்கும். நங்க பர்வதம் (8,126 மீட்டர்) பக்கத்தில் சட்டென்று தெற்கே வளைந்துவிடும். ஏன்? வாடியா வருஷக்கணக்காக நடந்து பார்த்தார். வளைவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பாறைகள், அதே வரிசை. ஆக, இரண்டும் ஒரே மலைதான். அடியில் இந்தியாவின் பழைய கெட்டிப் பாறை நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் மலை அதைச் சுற்றி மடிந்தது என்று 1931-ல் எழுதினார். வீட்டில் ஒரு செங்கல்லை வைத்து, அதை நோக்கிப் போர்வையைத் தள்ளிப் பாருங்கள். மடிப்பெல்லாம் செங்கல்லைச் சுற்றி வளையும். நான் செய்து பார்த்தேன், அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்!

1938-ல் இலங்கை அரசின் கனிமவியலாளராகப் போனார். அந்தத் தீவு மூன்று படிகளாக அமைந்திருப்பதை விளக்கினார். 1949 முதல் நம் நாட்டின் அணுசக்திக்கு வேண்டிய தாதுக்களைத் தேடும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1957-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1958-ல் பத்மபூஷண். 1969-ல் காலமானார். டேராடூனில் உள்ள இமயமலை நிலவியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, காணாமல் போன ஏரி? பீர் பஞ்சால் மலை உயர்ந்தபோது ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பள்ளத்தாக்கில் தேங்கியது. லட்சக்கணக்கான வருஷம் வண்டல் படிந்தது. பிறகு ஜீலம் ஆறு பாரமுல்லா பக்கம் மலையை அறுத்துக்கொண்டு போக, ஏரி வடிந்துவிட்டது. மிஞ்சிய மேட்டு நிலத்துக்குக் கரேவா என்று பெயர். பாம்போரில் குங்குமப்பூ விளைவது அதில்தான். சித்தப்பா பொய் சொல்லலை!

ஜம்மு காஷ்மீரின் கனிமம் என்றால் பாடர் நீலக்கல், ரியாசி பக்கத்து நிலக்கரி, பாக்சைட் என்று சொல்வார்கள். 2023-ல் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அது முதல் கட்ட மதிப்பீடுதான். உறுதி செய்ய இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். வாடியாவும் பார்த்த பிறகுதான் எழுதினார்.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம். செங்கல் சூளைக்கும், ரயில் பாதை மேட்டுக்கும் கரேவா மண்ணைப் பல இடங்களில் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏரி லட்சம் வருஷமாகச் சேர்த்த மண் ஒரே நாளில் போய்விடுகிறது. மறுபடி அதை யார் செய்து தருவார்கள்? நீலக்கல் மட்டும்தான் செல்வமா, அந்த மண் செல்வம் இல்லையா?

நண்பர்களே, வாடியா பாடத்தைப் படித்தது லீவு நாளில், மலையில். நம்ம ஊரிலும் பாறை இருக்கு, குளத்து மண் இருக்கு. அடுத்த லீவில் ஒரு நாளாவது குனிந்து பாருங்கள். பார்த்ததை இந்தச் சுவர் இதழுக்கு எழுதித் தாருங்கள்.



- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு