சிறுமலரின் அன்னை செய்த கைத்தொழில்

சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாதவர் நம்மில் எவரும் இலர். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் நெஞ்சோடு அணைத்து நிற்கும் அவரது படம் நம்மில் பலருடைய பாடப் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கும். ஆனால் அந்தப் புனிதையைப் பெற்றெடுத்த தாய் ஒரு தொழில் முதல்வி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டிலிருந்தபடியே கைத்தொழில் நடத்தி, பல பெண்களுக்கு வேலை கொடுத்து, கணக்கும் கடிதமும் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்த அந்த அம்மையாரின் பெயர் செலி மார்ட்டின். அவரது வாழ்க்கையைச் சற்றே அறிந்து கொள்வோமா?

1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் செலி பிறந்தார். தந்தை இசிதோர் கெரேன், நெப்போலியனின் படையில் பணியாற்றிப் பின்னர் காவல் படையில் சேர்ந்தவர். எளிய குடும்பம். தாய் பக்தி மிகுந்தவர். கண்டிப்போ அதனினும் மிகுதி. விளையாட ஒரு சிறு பொம்மைகூடத் தமக்குக் கிடைத்ததில்லை என்று, வளர்ந்த பிறகு தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் செலி வருந்தியிருக்கிறார். மூத்த சகோதரி மரி லூயிஸின் பாசமே அவருக்கு ஆறுதல். பிள்ளைகளின் படிப்பை எண்ணி 1844ஆம் ஆண்டு அக்குடும்பம் அலன்சோன் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பருவம் அடைந்ததும் செலியின் உள்ளம் துறவறத்தை நாடியது. நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்யும் பிறரன்புப் புதல்வியர் சபையில் சேர விரும்பி, அலன்சோன் மருத்துவமனையில் பணிபுரிந்த கன்னியரை அணுகினார். அது அவருக்குரிய அழைத்தல் அன்று என்று மடத்துத் தலைவி சொல்லிவிட்டார். ஏமாற்றத்துடன் திரும்பிய இளம் பெண்ணுக்கு எதிர்காலம் இருளாகவே தோன்றியது. பெரிய சீர்வரிசை கொடுக்க வீட்டில் வசதி இல்லை. கையில் ஒரு தொழில் இருந்தாலன்றி வழியில்லை. என்ன தொழில் செய்வது? இறைவனிடமே கேட்டார். 1851ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், மாதாவின் அமல உற்பவத் திருநாளன்று, அலன்சோன் லேஸ் செய்யும் தொழிலை மேற்கொள்ளும்படி தம் உள்ளத்தில் ஒரு தூண்டுதல் பிறந்ததாக உணர்ந்தார். உடனே லேஸ் பள்ளியில் சேர்ந்து முறையாகப் பயின்றார்.

மாணவியரே, அலன்சோன் லேஸ் என்பது சாதாரணப் பொருள் அன்று. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பிரபுக்கள் வெனிஸ் நகரத்து லேசுக்குப் பெரும் பணத்தைக் கொட்டிக் கொடுத்தனர். அப்பணம் நாட்டை விட்டுப் போகாதிருக்க, 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1665ஆம் ஆண்டு அரசுத் தொழிலகங்களை ஏற்படுத்தினார். அவற்றுள் ஒன்று அலன்சோனில் அமைந்தது. இந்த லேஸ் முழுவதும் ஊசியாலும் நூலாலும் மட்டுமே ஆவது. படம் வரைதல், தோல்தாளில் துளையிடுதல், ஓரக் கோடு அமைத்தல், வலை போன்ற தளம் பின்னுதல், பூக்களையும் இலைகளையும் நிரப்புதல், விளிம்பு தைத்தல், தோல்தாளிலிருந்து பிரித்தெடுத்தல், பிசிறு நீக்குதல், துண்டுகளை இணைத்தல் என்று அதில் பல படிகள் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்னுவதற்கே சுமார் 7 மணி நேரம் ஆகும். ஒரு தபால்தலை அளவுள்ள லேஸ் ஏறக்குறைய ஒரு வாரத்து உழைப்பு என்றால், ஒரு மணப்பெண்ணின் முக்காட்டுக்கு எத்தனை கைகள் எத்தனை மாதங்கள் உழைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! இக்கலையை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

1853ஆம் ஆண்டின் இறுதியில், 22 வயது நிறையும் வேளையில், செலி சொந்தமாகத் தொழிலைத் தொடங்கினார். சகோதரி மரி லூயிஸ் துணை நின்றார். தொழிற்கூடம் என்று தனியே ஒன்றும் இல்லை, வீடுதான் தொழிற்கூடம். துண்டுகளைப் பின்னும் பெண்கள் அவரவர் வீட்டில் வேலை செய்தனர். ஒவ்வொருத்தியும் ஒரு குறிப்பிட்ட படியில் கை தேர்ந்தவள். முடித்த வேலையை வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து கொடுத்துப் புது வேலை பெற்றுச் செல்வர். வாடிக்கையாளர்களைத் தேடுவது, வேலையைப் பங்கிடுவது, சரிபார்ப்பது எல்லாம் செலியின் பொறுப்பு. அனைத்திலும் கடினமான வேலையைத் தமக்கென வைத்துக் கொண்டார். அதுதான் இணைப்பு வேலை. சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு துண்டுகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்த இடம் கண்ணுக்கே தெரியக் கூடாது. இணைப்பு தெரிந்துவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் பாழ்.

1858ஆம் ஆண்டு சகோதரி மரி லூயிஸ் லெ மான் நகரிலிருந்த மினவுதல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் செலி ஒரு பாலத்தைக் கடந்து சென்றபோது லூயி மார்ட்டின் என்பவரைக் கண்டார். அவர் கடிகாரத் தொழிலாளி. அவரும் ஆல்ப்ஸ் மலை மடமொன்றில் துறவியாக விரும்பி, இலத்தீன் மொழி தெரியாததால் ஏற்கப்படாமல் திரும்பியவர். மூன்று மாதங்களுக்குள் ஜூலை 13ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அக்காலப் பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான பெண் கணவரின் ஒப்புதல் இன்றி வணிகம் நடத்த முடியாது. லூயியோ மனைவியின் தொழிலுக்குத் தடையாக நிற்கவில்லை. தம் கடிகாரக் கடையின் வேலைக்கிடையே லேஸ் தொழிலுக்கும் உதவி வந்தார். 1870ஆம் ஆண்டு தம் கடையையே சகோதரியின் மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலில் முழுநேரமும் துணையானார். கணக்குப் பார்ப்பதும், பாரிசுக்குப் பயணம் செய்து வாடிக்கையாளர்களைக் காண்பதும் அவர் வேலையாயிற்று. நூறாண்டுகள் கடந்த பின்னும் இப்படிச் செய்யத் தயங்கும் ஆடவர் உண்டல்லவா?

செலி அம்மையாரின் நாள் விடியுமுன்பே தொடங்கும். காலை ஐந்தரை மணிப் பூசை கண்டு வந்த பின்பு வீட்டு வேலை, பிள்ளைகள், தொழிலாளிகள், லேஸ். இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகும் ஊசி ஓயாது. மூத்த பெண்கள் மரியும் பொலினும் 1868ஆம் ஆண்டு முதல் லெ மான் மடத்துப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தனர். அவர்களுடைய படிப்புச் செலவுக்கு அந்த ஊசியும் உழைத்தது. கண்கள் சோர்ந்த வேளையிலும் அவர்களுக்கு அம்மையார் நீண்ட கடிதங்கள் எழுதுவார். அவர் எழுதியவற்றில் 200க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. அவருடைய வாழ்வை நாம் அறிவது பெரும்பாலும் அவற்றின் மூலமே.

அக்கடிதங்களில் அம்மையார் தம் தொழிலைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறார். வேலை அதிகம் வந்தால் அடிமையினும் கேடாகத் தம் நிலை ஆகிவிடுகிறது என்கிறார். வேலை குறைந்தாலோ அதனினும் கொடுமை. கைப்பணம் 20,000 பிராங்கு முடங்கிக் கிடக்க, அரும்பாடுபட்டுத் தேடிப் பிடித்த தொழிலாளிப் பெண்களை வேறு வியாபாரிகளிடம் அனுப்ப நேர்வதை எண்ணி, தூக்கத்திலும் கெட்ட கனவுகள் வருகின்றன என்கிறார். புனிதர்களுக்குக் கவலையே இராது என்று நாம் நினைக்கிறோம். இந்தப் புனிதைக்குக் கவலை இருந்தது. ஆனால் தம் நட்டத்தோடு நிற்காமல், தம்மை நம்பியிருந்த பெண்களின் அடுப்பையும் எண்ணிய கவலை அது. அவர்களுள் எவரேனும் நோயுற்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடிச் சென்று பார்த்து வருவார், தேவைப்பட்டதைச் செய்வார்.

துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற அம்மையார் நால்வரைப் பறிகொடுத்தார். ஆண் குழந்தைகள் இருவரும் ஓராண்டு நிறையுமுன் 1867, 1868ஆம் ஆண்டுகளில் இறந்தனர். 1870ஆம் ஆண்டில் ஐந்து வயது எலேனும், பிறந்து இரண்டே மாதமான மெலானி தெரேசும் மறைந்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படை அலன்சோனுக்குள் புகுந்தது. அம்மையாரின் வீட்டிலேயே ஒன்பது வீரர்கள் தங்க வைக்கப்பட்டனர். இத்தனைக்கும் நடுவே வீட்டையும் தொழிலையும் அவர் கைவிடவில்லை.

1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கடைசிக் குழந்தை தெரேசா பிறந்தாள். தாய்க்குப் பால் கொடுக்க முடியாத நிலை. குழந்தை மெலிந்து சாகும் தறுவாய்க்கு வந்ததால், கிராமத்துச் செவிலித்தாயான ரோஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டாள். ரோஸ் சந்தை நாளில் நகருக்கு வரும்போது குழந்தையையும் கொண்டு வருவார். சந்தை நாளும் வியாழக்கிழமைதான். ஒரு முறை ரோஸ் குழந்தையை வீட்டில் விட்டுச் சந்தைக்குப் போனதும் அது வீறிட்டு அழுதது. நாகரிக உடையணிந்த பெண்களைக் கண்டால் அதற்குப் பயம். ஆனால் வேலை கொண்டு வந்த லேஸ் தொழிலாளிகளிடம் கொடுத்தபோது, பெற்ற தாயிடம் செல்வதைவிட மகிழ்ச்சியாகத் தாவிச் சென்று அவர்களை முத்தமிட்டது. ரோசைப் போல நாட்டுப்புற உடை அணிந்த அப்பெண்களை அது தன்னவர்களாக எண்ணிவிட்டது. பிற்காலத்தில் உலகமே போற்றிய புனிதையை அன்று கைமாற்றிக் கைமாற்றித் தாலாட்டியவர்கள் அந்த ஏழைத் தொழிலாளிகளே!

அம்மையாரின் மார்பில் பல ஆண்டுகளாக ஒரு கட்டி இருந்தது. 1876ஆம் ஆண்டு டிசம்பரில் மருத்துவரிடம் சென்றபோது, அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தது. 1877 ஜூனில் மூத்த பெண்கள் மூவரையும் அழைத்துக் கொண்டு லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்றார். உடல் குணமாகவில்லை, ஆயினும் மனம் தளராமல் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 45, சிறுமலருக்கு நான்கு. தந்தை லூயி ஐந்து பெண்களுடன் லிசியே நகருக்குக் குடியேறினார். ஐவருமே பின்னர் கன்னியராயினர். தம் சபைக்கு அனுமதி கிடைக்காமல் கண்ணீரோடு திரும்பிய பெண், ஐந்து கன்னியருக்குத் தாயானார். தெரேசா 1925ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய பெற்றோர் செலியும் லூயியும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் ஒருங்கே புனிதர் பட்டம் பெற்றனர்.

அன்புத் தோழிகளே! பள்ளி விட்டு வீட்டுக்குச் செல்லும்போது, திண்ணையில் அமர்ந்து பூத் தொடுக்கும் தாயையோ, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் அத்தையையோ, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும் பாட்டியையோ காண்கிறோம். யாரேனும் கேட்டால், அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்று நாமே சொல்லிவிடுகிறோம். நம் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் எங்கிருந்து வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல லேசில் இணைப்புத் தையல் தெரியாது. தெரியாததால் இல்லை என்று ஆகிவிடுமா? துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரு குடும்பத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கைகளும் அப்படியே. இன்று மாலை வீடு சென்றதும் அந்தக் கைகளை ஒரு முறை பற்றிப் பாருங்கள். அவை களைத்திருந்தால் சிறிது நேரம் ஊசியையோ கத்தியையோ நாம் வாங்கிக் கொள்வோம். செலி அம்மையாருக்கு நாம் செலுத்தும் நல்ல வணக்கம் அதுவே ஆகும்.