கர்ப்பிணிகளின் சத்து மாத்திரையும் சுப்பாராவும்: யார் இவர்?

சமயநல்லூர் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையை 'சத்து மாத்திரை'ன்னுதான் சொல்வாங்க. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஃபோலிக் அமிலம்னா வைட்டமின் பி9. அதை ஆய்வகத்தில் தயாரிக்க வழி கண்ட குழுவின் தலைவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை சென்னையில் எழுதித்தான் பாஸ். மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கியோடு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்எம்எஸ்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர் 'டிராபிக்கல் ஸ்ப்ரூ' நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். குடல் சத்தை உறிஞ்சாமல், சாப்பிடச் சாப்பிட உடம்பு கரையும் நோய் அது. சுப்பாராவிடம் அன்று மருந்து இல்லை.

1922-ல் கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பிறந்த மகன் ஒரு வயதுக்குள் இறந்துபோனான். அப்பா முகம் பார்த்ததே இல்லை. சுப்பாராவ் ஊர் திரும்பவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்ட முறையில் இன்றும் அவர் பெயர் இருக்கு. ஆனால் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது தேறினார்கள். சகோதரர்கள் போய் இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

கீரை சாப்பிட்டா போதாதா? கீரையில் ஃபோலேட் உண்டு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யும் உண்டு. ஆனால் ரொம்ப நேரம் வேகவைத்தால் ஃபோலேட் குறையும். சிசுவின் மூளை, தண்டுவடமாக வளரும் குழாய் கருவுற்ற முதல் 4 வாரத்திலேயே மூடிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம்னே அப்போ தெரியாது. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ரத்தப் புற்றுநோய் செல்களுக்கும் இதே வைட்டமின் தேவை. அதைத் தடுக்கும் மருந்துகளையும் அவர் குழுவே தயாரித்தது. மெத்தோட்ரெக்ஸேட் அப்படி வந்ததுதான். (கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது.)

1948 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் இறந்தார், வயது 53. இந்தியா அவருக்கு அஞ்சல் தலை வெளியிட 1995 ஆனது.