வாக்கற்றோருக்காக நின்ற தந்தை செல்வா

தேர்தல் நெருங்குந்தோறும் கிறிஸ்தவ விழுமியங்களின்படி வாக்களிப்பது எங்ஙனம் என்ற வினா நம்மவரிடையே எழுகின்றது. வேட்பாளரின் மதத்தைப் பார்ப்பதா? தந்தை செல்வாவின் வாழ்வு வேறு அளவுகோலைத் தருகின்றது.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். தெல்லிப்பழையில் வளர்ந்தார், கொழும்பில் சிவில் வழக்கறிஞராகப் பேர்பெற்றார். அவர் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். எனினும் சைவர் பெரும்பான்மையினரான காங்கேசன்துறைத் தொகுதி 1947இல் அவரை நாடாளுமன்றம் அனுப்பியது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அம்மக்கள் அவரது தொகுதியினர் அல்லர்; பெரும்பாலோர் அவரது மதத்தினரும் அல்லர். ஆயினும் அவர்களுக்காக வாதாடினார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானதும் அக்கட்சியிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

1952 தேர்தலில் காங்கேசன்துறையிலேயே தோற்றார், கொள்கையைக் கைவிடவில்லை. 1956இல் அத்தொகுதியே அவரை மீண்டும் தெரிவுசெய்தது. 1977 ஏப்ரல் 26இல் மறைந்தபோதும் அவரே அதன் உறுப்பினர்.

அயலான் எவன் என்பதற்கு நல்ல சமாரியன் கதை தரும் விடையை அவர் அரசியலில் வாழ்ந்து காட்டினார் என்றே கருதுகின்றோம். இன்று அஜின்கோர்ட்டில் குடியுரிமை பெற்ற நாம் கனடியப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கின்றோம். அகதிக் கோரிக்கையின் முடிவுக்குக் காத்திருக்கும் அயலவருக்கோ வாக்கில்லை. வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அவர்களைப் பற்றிக் கேட்போம். அந்த விடையை எண்ணி வாக்களிப்போம்.