எர்னஸ்ட் ஆபே

கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் கண்டு நோயை நிர்ணயிக்கும் வைத்தியர் ஒவ்வொருவரும் ஒரு ஜெர்மானிய மேதைக்குக் கடன்பட்டவராவார். அவருடைய சரித்திரம் சாஸ்திரிகளுக்கு மட்டுமன்றித் தொழிலாளர் நலத்தை நாடுவோருக்கும் உரியது.

எர்னஸ்ட் ஆபே 1840-ம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி ஐஸனாக் நகரில் பிறந்தார். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. தினந்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் வேலை. இடையே ஓய்வு கிடையாது. நடுப்பகல் உணவைச் சுமந்து செல்லும் சிறுவன், தந்தை இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே அவசரமாக உண்டுவிட்டு மறுகணமே வேலைக்குத் திரும்புவதைக் காண்பான். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை.

ஜேனா, காட்டிங்கன் சர்வகலாசாலைகளில் பயின்று, 1861-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1866-ல், ஜேனாவில் மைக்ராஸ்கோப் தொழிற்சாலை நடத்திவந்த கார்ல் ஸைஸ் அவருடைய உதவியை நாடினார். அந்நாளில் லென்ஸ்கள் கைப்பழக்கத்தாலேயே தேய்த்துத் திருத்தப்பட்டு வந்தன. அவற்றைக் கணிதத்தின் மூலம் முன்னரே விதித்துச் செய்யவேண்டுமென்பது ஸைஸின் விருப்பம்.

ஆபே கணக்கிட்ட முதல் லென்ஸ்கள் தோல்வியுற்றன. பிம்பத்தின் பிழைகளைக் குறைக்கும் பொருட்டு அவற்றின் வாயை அவர் குறுக்கியிருந்தார். பழைய லென்ஸ்கள் காட்டிய நுண்ணிய கோடுகளோ மறைந்துபோயின. அவர் சோர்வடையாது காரணத்தைத் தேடினார். நுண்பொருளின்மீது படும் ஒளி பல திசைகளிலும் விரிந்து செல்கிறது. அக்கதிர்களை லென்ஸ் ஏற்றுக்கொண்டாலன்றி நுட்பம் புலப்படாது. லென்ஸுக்குள் புகாத ஒளியை எவ்வளவு பெருக்கியும் பயனில்லை. இவ்வுண்மையை 1873-ல் அவர் வெளியிட்டார்.

லென்ஸ் ஒளியைத் திரட்டும் ஆற்றலுக்கு அவர் வகுத்த அளவே 'நியூமெரிகல் அபெர்ச்சர்' எனப்படுவது. லென்ஸுக்குள் புகும் ஒளிக்கூம்பின் பாதிக் கோணத்தினது ஸைனை, இடையிலுள்ள பொருளின் ஒளி விலகல் எண்ணால் பெருக்கினால் அது கிடைக்கும். காற்றில் இவ்வளவு 1-ஐத் தாண்டாது. ஸ்டீபன்ஸன் என்ற ஆங்கிலேயரின் யோசனையை ஏற்று, 1878-ல் லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே எண்ணெயை நிரப்பும் முறையை ஆபே அமைத்தார். பின்னர் இவ்வளவு 1.4 வரை உயர்ந்தது. மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியும் கண்ணுக்குப் புலனாயிற்று. 1882-ல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்த ராபர்ட் காக்கின் ஆராய்ச்சிகளுக்கு இக்கருவிகள் பேருதவி புரிந்தன.

1888-ல் ஸைஸ் காலமானார். பின்னர் தொழிற்சாலை ஆபேயின் வசமாயிற்று. விரும்பியிருந்தால் அவர் பெருஞ்செல்வராக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1889-ல் ஸைஸின் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவி, 1891-ல் தம் உரிமையை அதற்கே அளித்துவிட்டார். 1896-ல் அதற்கு அவர் வகுத்த சாஸனம் சட்டம் பயின்றோர் வியக்கத்தக்கது. ஒருவரை நியமிப்பதில் மதமோ அரசியல் கொள்கையோ குறுக்கிடலாகாது. தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் விடுமுறையும் ஓய்வூதியமும் உண்டு. நிர்வாகிகளின் ஊதியம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேற்படலாகாது. இவை தயவாக அல்ல, உரிமையாகவே அளிக்கப்பட்டன.

1900-ல் எட்டு மணி வேலை அமலுக்கு வந்தது. ஆபே அதன் விளைவையும் அளந்தே பார்த்தார். ஒன்பது மணியில் நடந்த வேலை எட்டு மணியில் குறையவில்லை, சற்று மிகுந்தேயிருந்தது. நேரத்தைக் குறைத்தால் தொழில் நசிக்கும் என்போருக்கு இதைவிடத் தக்க விடை வேண்டுமோ?

1905-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி ஆபே ஜேனாவில் காலமானார். ஆலையில் நின்றபடியே உண்ட தந்தைக்கு எந்தச் சட்டமும் அளிக்காத ஓய்வை, மகன் தன் சொத்தைத் துறந்து ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு உரிமையாக்கினார். அவரது அறிவை மெச்சுவோர் இதையும் மறவாதிருப்பாராக.