கணவர் மேலதிகாரி, மனைவி நடிகை: பாம்பே டாக்கீசை ஆண்ட தேவிகா ராணி

கணவர் பட்டறை நடத்துவார். மனைவி கணக்குப் பார்ப்பார். உல்லாஸ்நகரில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. கணவரே மேலதிகாரி என்றால் மனைவிக்கு அது சலுகையா, சங்கடமா? உடன் வேலை செய்பவர்களுக்கு நியாயம் கிடைக்குமா?

இந்தக் கேள்விகளை எல்லாம் சந்தித்தவர், நடிகை தேவிகா ராணி.

1908-ம் ஆண்டு, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த வால்டேரில் பிறந்தார். தந்தை கர்னல் சவுத்ரி, சென்னை ராஜதானியின் சர்ஜன் ஜெனரல் பதவி வகித்த முதல் இந்தியர். கவி தாகூருக்கும் உறவு.

லண்டனில் சந்திப்பு

லண்டனில் படித்து, துணிகளுக்கு டிசைன் வரைந்து கொண்டிருந்த தேவிகா ராணி, படத் தயாரிப்பாளர் ஹிமான்சு ராயைச் சந்தித்தார். அவருடைய படத்தில் உடை, அரங்க அலங்கார வேலைகளில் உதவியாளராகச் சேர்ந்தார். 1929-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் ஸ்டூடியோவில் தொழில் கற்றார்கள். 1933-ல் "கர்மா" படத்தில் ஜோடியாக நடித்தார்கள்.

1934-ல் பம்பாய் மலாடில் ராய் தொடங்கியதுதான் "பாம்பே டாக்கீஸ்". இது குடும்பச் சொத்து அல்ல. பங்குதாரர்கள் பணம் போட்ட லிமிடெட் கம்பெனி. ராய் தலைமை நிர்வாகி. மனைவி கதாநாயகி.

ஒரு தப்பு, இரண்டு நியாயம்

"ஜீவன் நையா" படம் தயாராகிக் கொண்டிருந்த நேரம். கதாநாயகன் நஜ்முல் ஹசனுடன் தேவிகா ராணி கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஸ்டூடியோவே ஆடிப்போனது. அங்கே பணியாற்றிய சசாதர் முகர்ஜி சமாதானம் பேசி, அவரைத் திரும்ப அழைத்து வந்தார்.

தேவிகா ராணி மீண்டும் கதாநாயகி ஆனார். நஜ்முல் ஹசனுக்கு வேலை போயிற்று. தப்பு இருவருடையது, தண்டனை ஒருவருக்கு மட்டும்! முதலாளியின் மனைவி என்பதாலா, அவர் இல்லாமல் படம் ஓடாது என்பதாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கணவனும் மனைவியும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக வேலை செய்யும் இடத்தில் வரும் சிக்கலே இதுதான்.

காலியான இடத்துக்கு, லேபரட்டரியில் வேலை பார்த்த ஓர் இளைஞரைப் பிடித்தார் ராய். அவர்தான் அசோக் குமார். 1936-ல் அவரும் தேவிகா ராணியும் நடித்த "அச்சுத் கன்யா", தீண்டாமைக் கொடுமையைச் சொல்லிப் புகழ் பெற்றது.

தலைமைப் பொறுப்பு

1939-ல் போர் மூண்டது. ஸ்டூடியோவின் ஜெர்மன் டைரக்டரையும் கேமராமேனையும் ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. உடல் நலம் கெட்டு, 1940-ல் ராய் காலமானார்.

தயாரிப்புப் பொறுப்பு தேவிகா ராணி கைக்கு வந்தது. நேற்று வரை உடன் நடித்தவர்களுக்கும், சமாதானம் பேசியவருக்கும் அவரே மேலதிகாரி! கம்பெனி இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்தது. 1943-ல் முகர்ஜியும் அசோக் குமாரும் விலகி "பிலிமிஸ்தான்" தொடங்கினார்கள்.

தேவிகா ராணி அசரவில்லை. நடிப்பை விட்டு நிர்வாகத்தைக் கவனித்தார். யூசுப் கான் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்து, திலீப் குமார் என்று பெயர் சூட்டி, 1944-ல் "ஜ்வார் பாட்டா" மூலம் அறிமுகப்படுத்தினார். மனைவி என்ற உறவு அவருக்குப் பதவியைத் தந்திருக்கலாம். ஆளை எடைபோடும் கண் அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

1945-ல் ரஷ்ய ஓவியர் ரோரிக்கை மணந்து, சினிமாவை விட்டு விலகினார். தாதா சாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவர் அவரே. 1994-ல் பெங்களூரில் காலமானார்.

உல்லாஸ்நகரில் ரயில் ஏறி, தாதரில் வண்டி மாறினால் மலாடு. பாம்பே டாக்கீஸ் இருந்த இடத்தில் பின்னாளில் சிறு பட்டறைகள் வந்தன. அங்கும் கணவனும் மனைவியுமாக உழைப்பவர்கள் இருக்கக்கூடும். தேவிகா ராணியின் கதை அவர்களுக்கும் ஒரு பாடம்.